கம்பியின் இழுப்பும் மரத்தின் விறைப்பும்

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, விரல் அழுத்தாமல் மீட்டினால், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு இந்த எண் 82. இடையில் இருப்பது ஒரே ஒரு ஸ்தாயி. அந்த ஒரு ஸ்தாயி இறங்குவதற்காகத்தான் கருவி நீள்கிறது, கம்பி தடிக்கிறது, கழுத்து மரத்தின் மேல் பாரம் ஏறுகிறது. கையால் பேஸ் கிட்டார் செய்பவர் மரக்கிடங்கில் நின்று எடுக்கும் முடிவுகளுக்கெல்லாம் இந்த இறக்கமே தொடக்கம்.

மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636-இல் வெளியிட்ட இசை நூலில் கம்பியின் விதிகளை எழுதி வைத்தார். கம்பி நீண்டால் சுருதி இறங்கும், தளர்ந்தால் இறங்கும், கனத்தாலும் இறங்கும். ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால் நீளத்தை இரட்டிப்பாக்கலாம். அல்லது இழுவிசையை நாலில் ஒன்றாகக் குறைக்கலாம். அல்லது கம்பியின் எடையை நான்கு மடங்காக்கலாம். மூன்றிலும் சிக்கல் உண்டு. 65 செ.மீ. கம்பியை 130 செ.மீ. ஆக்கினால் இடது கை எட்டாது. இழுவிசையைக் கால்பங்காக்கினால் கம்பி கொடித்துணிபோல் தொய்ந்து ஆடும். ஒரே இரும்புக் கம்பியை அந்த அளவுக்குத் தடிக்க வைத்தால் அது கம்பியாக இல்லாமல் கோலாக நடந்துகொள்ளும். அதன் மேற்சுரங்கள் சரியான மடங்குகளிலிருந்து விலகி ஏறிவிடும். காதுக்கு அது சுருதி சேராத ஒலி.

ஆகவே மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வதே வழி. பேஸ் கிட்டாரின் வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ.; ஃபெண்டர் கிட்டாரின் நீளத்தைவிட இது சரியாக மூன்றில் ஒரு பங்கு அதிகம். எடையைக் கூட்ட, மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் எஃகு அல்லது நிக்கல் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறார்கள். சுற்றுக் கம்பி எடையைத் தருகிறது, விறைப்பைத் தருவதில்லை. இவ்வளவு செய்தும் ஒவ்வொரு கம்பியையும் ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த ஆளின் எடை. இந்த இழுப்பு பகலும் இரவும், கருவி பெட்டிக்குள் உறங்கும்போதும், இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு மரத்துண்டின் மேல் நிற்கிறது.

முதல் கருவிகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் 1930-களின் நடுவில் ஆடியோவாக்ஸ் 736 என்ற மின் பேஸ் கருவியைச் செய்தார். கெட்டியான மர உடல், ஃப்ரெட் என்ற உலோக மெட்டுகள் பதித்த கழுத்து, மடியில் கிடத்தி அல்லது தோளில் மாட்டி வாசிக்கும் அமைப்பு என்று இன்றைய பேஸ் கிட்டாரின் இலக்கணம் அதிலேயே இருந்தது. ஆனால் விற்றவை சிலவே. இலக்கணத்தை உலகம் ஏற்றுக்கொண்டது 1951-இல். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்து கருவி செய்யத் தொடங்கிய லியோ ஃபெண்டர் அந்த ஆண்டில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது விடுதலை; ஃப்ரெட் இருந்ததால் சுருதி பிசகும் பயமும் இல்லை. துல்லியம் என்று பொருள்படும் பெயரே அதனால் வந்தது. ஆஷ் மரத்தில் உடல், ஒரே மேப்பிள் துண்டில் கழுத்து, இரண்டையும் இணைக்க நான்கு திருகாணிகள். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். தொழிற்சாலைக்கு அளவெடுத்துச் செய்த வடிவம் இது. இசைக்கருவி வரலாற்றில் இவ்வளவு எளிமையான தீர்வு இவ்வளவு நீண்ட காலம் நின்றது அரிது.

தனி ஒருவருக்காகக் கையால் செய்யும் மரபு இதற்கு எதிர்வினையாகவே பிறந்தது. 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவை ஒட்டி உருவான அலெம்பிக் பட்டறை, பல நிற மரங்களை அடுக்கி ஒட்டிய பேஸ் கிட்டார்களைச் செய்யத் தொடங்கியது. பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் அவற்றை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். 1970-களின் நடுவில் ஆன்டனி ஜாக்சன் என்ற கலைஞர் நியூயார்க்கின் கார்ல் தாம்சனிடம் ஆறு கம்பிகள் உள்ள பேஸ் ஒன்று கேட்டார்.  பிறகு புரூக்ளினில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டர், 1983 முதல் வின்னி ஃபொடேரா, ஜெர்மனியில் வார்விக் என்று பட்டறைகள் பெருகின. கம்பிகளின் எண்ணிக்கை, கழுத்தின் பருமன், எடை, மரம் என்று எல்லாமே வாசிப்பவரின் கைக்கும் தோளுக்கும் ஏற்பத் தீர்மானிக்கப்படுவதுதான் இந்த மரபின் அடையாளம்.

கழுத்து

பேஸ் கிட்டார் வாங்குபவர்களின் கண் முதலில் போவது உடலின் முகப்பில் உள்ள மரரேகைகளுக்கு. செய்பவரின் கண் போவது கழுத்துக்கு. செய்பவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

கம்பிகள் கழுத்தின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுவதால், அவற்றின் இழுப்பு கழுத்தை நேராக நெரிப்பதோடு நிற்பதில்லை. வில்லைப்போல் முன்னோக்கி வளைக்கவும் முயல்கிறது. இதை எதிர்த்து நிற்க இரண்டு வழிகள்: விறைப்பான மரம், அல்லது தடிமனான மரம். இவற்றில் எது வலியது என்பதைக் கணக்கு தெளிவாகச் சொல்கிறது. மரத்தின் விறைப்பை அளக்கும் யங் குணகம் இரட்டித்தால் கழுத்தின் விறைப்பும் இரட்டிக்கும், அவ்வளவே. தடிமனோ மூன்றாம் அடுக்கில் வேலை செய்கிறது. 22 மி.மீ. தடிமன் உள்ள கழுத்தை வாசிப்பவரின் சிறிய கைக்காக 20 மி.மீ. ஆக இழைத்தால் விறைப்பில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மேப்பிளின் யங் குணகம் சுமார் 12.6 கிகாபாஸ்கல், ஆப்பிரிக்காவின் வெங்கே மரத்துக்குச் சுமார் 17.6. மேப்பிளிலிருந்து வெங்கேக்கு மாறுவதால் கிடைக்கும் ஆதாயத்தை இழைப்புளியின் சில தள்ளல்கள் பெரும்பாலும் தின்றுவிடும். அதனால்தான் மரத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு கழுத்தை மதிப்பிட முடியாது.

மரம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் பொருளும் அல்ல. இழையின் நீளவாக்கில் அது ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் அசைவதே இல்லை எனலாம். குறுக்கே அசைகிறது, அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சை மேப்பிள் முழுவதும் காயும்போது இந்த இரண்டும் முறையே சுமார் 10 விழுக்காடும் 5 விழுக்காடும். இந்த வேறுபாடுதான் பலகையைக் கோணவைக்கிறது. வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தெடுத்த துண்டு, பருவம் மாறும்போது நேராகவே தடிக்கும், நேராகவே மெலியும். சாய்வாக அறுத்தது முறுக்கிக்கொள்ளும். செங்குத்தாக அறுக்கும்போது மரம் அதிகம் வீணாகிறது, விலையும் ஏறுகிறது. கழுத்துக்கு அந்த விலை கொடுக்கத் தக்கதே.

இன்னொரு வழி, ஒரே துண்டை நம்பாமல் மூன்று, ஐந்து, ஏழு பட்டைகளாக அறுத்து ஒட்டுவது. மேப்பிள் பட்டைகளுக்கு நடுவே வெங்கே, வால்நட், ஊதாநிறப் பர்ப்பிள்ஹார்ட் போன்றவற்றின் மெல்லிய பட்டைகள் நுழைகின்றன. அடுத்தடுத்த பட்டைகளின் இழைகள் எதிரெதிர்ப் போக்கில் சாயும்படி திருப்பி வைத்து ஒட்டினால், ஒன்று வலப்பக்கம் முறுக்க முயலும்போது அடுத்தது இடப்பக்கம் முறுக்க முயன்று இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பின்புறத்தில் தெரியும் வண்ணக்கோடுகள் அழகுக்காக வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை முறுக்கைத் தடுக்க வந்தவை.

அவசரம் கழுத்துக்கு ஆகாது. அனுபவமுள்ள பட்டறைகளில் காய்ந்த பலகையைத் தோராயமான கழுத்து வடிவத்துக்கு அறுத்து, சில வாரங்கள் சும்மா வைக்கிறார்கள். உள்ளே அடைபட்டிருந்த இறுக்கங்கள் வெட்டுக்குப் பின் தளர்ந்து, துண்டு தனக்கு வேண்டிய கோணலைக் கோணிக்கொள்ளும். பிறகு மறுபடி நேராக்கி, மறுபடி வைப்பார்கள். இரண்டாம் முறையும் கோணினால் அது கழுத்தாகாது. விறகும் ஆகாது, வேறெதற்காவது பயன்படும். பட்டறைக் காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் மரத்தின் உள்ளீரம் 8 விழுக்காட்டை ஒட்டி நிலைபெறும். அங்கே செய்த கருவி சென்னை போன்ற கடலோர ஊருக்கு வந்தால் ஈரம் குடித்து உப்பும்; குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஊருக்குப் போனால் வறண்டு சுருங்கும். அண்மைக் காலத்தில் மேப்பிளை ஆக்சிஜன் குறைந்த உலையில் 160 பாகைக்கு மேல் சூடாக்கி, பழுப்பேற வறுத்தெடுக்கும் முறை பரவியிருக்கிறது. வறுத்த மரம் காற்றின் ஈரத்தை முன்போல் குடிப்பதில்லை. ஆனால் சற்று நொறுங்கும் தன்மை வந்துவிடுவதால் திருகாணித் துளைகளைக் கவனமாகப் போட வேண்டும்.

மரம் எவ்வளவு நல்லதானாலும் உள்ளே ஓர் எஃகுக் கம்பி தேவைப்படுகிறது. கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹியூ 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற டிரஸ் ராடு இது. கழுத்துக்குள் ஒரு பள்ளத்தில் கிடக்கும் இந்தக் கம்பியை முறுக்கினால், கம்பிகள் முன்னே வளைக்கும் அளவுக்கு இது பின்னே வளைக்கும். கழுத்து முழு நேராக இருப்பதும் சரியல்ல. அதிரும் கம்பி நடுவில் அகலமாக ஆடுவதால், கழுத்தின் நடுவே ஏறத்தாழ 0.3 மி.மீ. குழிவு விட வேண்டும். ஒரு மூன்று தாள்களின் தடிமன். அதை விரலால் உணர முடியாது, ஆனால் அது இல்லாவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரப்பது காதில் விழும். பல பட்டறைகள் டிரஸ் ராடின் இருபுறமும் கரியிழைப் பட்டைகளையும் புதைக்கின்றன. 1970-களின் பிற்பகுதியில், விண்கலத் துறையிலிருந்து வந்த ஜெஃப் கூல்ட் கழுத்து முழுவதையுமே கரியிழையால் செய்து காட்டினார். நெட் ஸ்டைன்பெர்கர் ஒருபடி மேலே போய்த் தலைப்பகுதியையே நீக்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. பல பேஸ் கிட்டார்களில் மெல்லிய கம்பியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரையிலான இடத்தில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று அணைந்துவிடும். கம்பி கெட்டதல்ல, விரல் தவறியதல்ல. வாசிப்பவர்கள் இதைச் செத்த இடம் என்கிறார்கள். மியூனிக்கில் ஹெல்முட் ஃபிளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990-களின் இறுதியில் இதை அளந்து பார்த்தார்கள். கழுத்தும் ஒரு கோல்தான். அதற்கும் சொந்த அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால், கம்பியின் ஆற்றல் அந்த இடத்தில் கழுத்துக்குள் வடிந்துவிடுகிறது. ஐந்தாவது ஃப்ரெட் முதல் ஏழாவது வரை அந்தக் கம்பியின் அதிர்வெண் 131 முதல் 147 வரை. கழுத்தின் ஓர் ஒத்ததிர்வு அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கருவியின் தலையில் ஒரு சிறு கிளாம்பை மாட்டினாலே செத்த இடம் நகர்ந்து வேறு ஃப்ரெட்டுக்குப் போவதைக் காணலாம். ஆகவே கழுத்தை விறைப்பாக்குவதும், தலையைச் சிறிதாக்குவதும், முறுக்காணிகளை இலேசானவையாகத் தேர்வதும் ஒரே நோக்கம் கொண்டவை: அந்த ஒத்ததிர்வை இரண்டு சுரங்களுக்கு நடுவே, யாரும் வாசிக்காத இடத்துக்குத் தள்ளிவிடுவது. எந்த மரத்தாலும் அதை முழுதாக ஒழிக்க முடியாது.

கழுத்தும் உடலும் சேரும் இடம்

திருகாணியால் பூட்டுவது, பசையால் ஒட்டுவது, கழுத்து மரத்தையே உடலின் அடி வரை நீட்டி இருபுறமும் சிறகுகளை ஒட்டுவது என மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. ரிக்கன்பேக்கர் 1957-இலேயே மூன்றாவது முறையில் பேஸ் செய்தது. அலெம்பிக் அதைப் பெருமைக்குரியதாக்கியது. மூன்றாவதில் ஒலி நீண்டு நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. நன்றாகப் பொருத்திய திருகாணிப் பூட்டு அதற்குக் குறைந்ததல்ல என்பதே பல செய்வோரின் அனுபவம். கழுத்து நுழையும் குழி காகிதம் நுழையாத இறுக்கத்தோடு இருப்பதுதான் முக்கியம். கைக்கு நேரும் வேறுபாடு உண்மையானது: நீட்டிய கழுத்தில் உயர்ந்த ஃப்ரெட்டுகளுக்குக் கை தடையின்றிப் போகும். ஆனால் அது கோணிவிட்டால் கருவி முழுவதும் போயிற்று.

விரல்பலகை

கழுத்தின் மேல் 6 மி.மீ. அளவில் ஒட்டப்படும் விரல்பலகை, எஃகுச் சுற்றுக் கம்பியின் அரம்போன்ற உரசலை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். அதனால்தான் ஈட்டி, கருங்காலி, வெங்கே, அல்லது அடர்ந்த மேப்பிள். கருங்காலி இவற்றில் மிகக் கடினம். ஃப்ரெட் இல்லாத கருவிகளில் கம்பி நேரே மரத்தில் உரசுவதால் அதற்கே முதலிடம். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட்டுகள் பிடுங்கப்பட்ட தம் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஈட்டி விரல்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பிசினைப் பூசினார். அந்தக் கருவி மனிதக்குரல் போல் பாடியதில் அந்தக் கண்ணாடிப் பூச்சுக்கும் பங்கு உண்டு.

ஃப்ரெட்டுகள் நிற்கும் இடங்களைக் கணிதம் தீர்மானிக்கிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படிக்கும் கம்பியின் நீளம் முந்தையதை 1.05946-ஆல் வகுத்த அளவு. 864 மி.மீ. கம்பியில் முதல் ஃப்ரெட் 48.5 மி.மீ. தூரத்தில் விழுகிறது, பன்னிரண்டாவது சரி பாதியில், 432-இல். பத்தொன்பதாவதுக்கும் இருபதாவதுக்கும் இடையே 16 மி.மீ.தான். தஞ்சாவூர் வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுபவை. சுருதி விலகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். பேஸ் கிட்டாரின் ஃப்ரெட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மரத்தில் அறுத்த வாய்க்கு உள்ளே அடித்து இறக்கியது இறக்கியதுதான். 

ஐந்தாவது கம்பி சேர்ந்த பிறகு நீளத்தின் சிக்கல் மறுபடி எழுந்தது. அந்தக் கம்பியின் சுருதி 31 ஹெர்ட்ஸ். 34 அங்குலத்தில் அது தளர்ந்து, ஒலி மங்கிக் கேட்கும். 35 அங்குலமாக்கினால் இழுவிசை 6 விழுக்காடு கூடும். தடித்த கம்பிக்கு 37 அங்குலமும் மெல்லிய கம்பிக்கு 34-உம் தந்து ஃப்ரெட்டுகளை விசிறிபோல் சாய்த்துப் பதிப்பது இன்னொரு தீர்வு. ரால்ஃப் நோவாக் 1989-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கனடாவின் டிங்வால் பட்டறை பேஸ் கிட்டாரில் இதை நிலைநாட்டியது. சாய்ந்த ஃப்ரெட் புதிய எண்ணமன்று. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபாரியன் என்ற கம்பிக் கருவியில் அது முன்பே இருந்தது.

உடல் மரம்

வண்ணமும் விலையும் வாதமும் குவிந்திருக்கும் இடம் இது. ஆஷ் துள்ளலாக ஒலிக்கும், ஆல்டர் சமமாக ஒலிக்கும், மகோகனி கதகதப்பாக ஒலிக்கும் என்று விற்பனைப் பட்டியல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. இயற்பியல் அவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. மின் பேஸில் ஒலியை எடுப்பது காந்தப் பிக்கப். அது கம்பியின் அசைவை மட்டுமே அறியும், பலகையின் அசைவை அறியாது. உடல் மரம் ஒலியை மாற்ற வேண்டுமானால் முதலில் கம்பியின் அசைவை மாற்ற வேண்டும். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பூட்டிய இடத்தில் 45 மி.மீ. தடிமனான மரப்பாளம் கம்பிக்கு ஏறக்குறைய அசையாத சுவர். ஆற்றல் அங்கே மிகக் குறைவாகவே கசிகிறது. பெரும்பகுதி கழுத்துப் பக்கம்தான் போகிறது. மரப்பெட்டியே ஒலிக்கும் சாதாரண கிட்டாரில்கூட, பின்பலகை மரத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனையில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களைப் பார்க்கவிடாமல் 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். விலை உயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை.

இதனால் உடல் மரம் எதுவானாலும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. அது தீர்மானிப்பவை வேறு. முதலாவது எடை. ஆல்டரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 450 கிலோ, மகோகனிக்குச் சுமார் 590, புபிங்காவுக்குச் சுமார் 890. ஒரே அச்சில் வெட்டிய உடல் ஆல்டரில் இரண்டு கிலோ என்றால் புபிங்காவில் நான்கு. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டைக்கு அந்த இரண்டு கிலோவின் கணக்கு தெரியும். இரண்டாவது சமநிலை. உடல் இலேசாகி, கழுத்தும் தலையும் கனத்தால் கருவி தலைகுப்புறச் சாயும். இடது கை வாசிப்பதோடு அதைத் தாங்கவும் வேண்டியிருக்கும். மேல்கொம்பைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை நீட்டி அதன் நுனியில் தோள்வாரைப் பூட்டுவது இதற்காகத்தான்; அந்தக் கொம்பின் வளைவு அலங்காரமன்று. கனமான மரத்தையே விரும்புபவருக்கு உடலின் உள்ளே அறைகள் குடைந்து எடையைக் குறைத்துத் தருவார்கள்.

ஒரே இன மரத்துக்குள்ளும் வேறுபாடு மிகப் பெரிது. மிசிசிப்பி ஆற்றின் தாழ்ந்த கரைகளில், ஆண்டில் பல மாதங்கள் வேர் நீரில் நிற்கும் ஆஷ் மரங்களின் அடிப்பகுதி மட்டும் சதுப்பு ஆஷ் என்ற பெயரில் விற்கிறது. உயர்நிலத்து ஆஷ் அதே இனமாக இருந்தாலும் கனம், பேஸ் உடலுக்கு ஆகாது. அதனால்தான் கிடங்கில் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை.

முகப்பில் 5, 6 மி.மீ. தடிமனில் ஒட்டும் பலகை வேறு கதை. கணு முடிச்சுகள் சுழன்ற மேப்பிள், அலையலையாய்த் தெரியும் மேப்பிள், பூஞ்சை ஏறிக் கருங்கோடுகள் படர்ந்த மேப்பிள் எல்லாம் அங்கே இடம்பெறுகின்றன. ஒரு கனத்த பலகையை நடுவில் இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் கண்ணாடி பிம்பம்போல் பொருந்தும். பூஞ்சை தின்ற மரம் ஆணி நிற்காத அளவுக்கு மென்மையாகிவிடுவதால் பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்குவார்கள். இவை கண்ணுக்கான விருந்து. கண்ணுக்கும் உரிமை உண்டு. வாசிக்கத் தூண்டும் கருவியே அதிகம் வாசிக்கப்படுகிறது.

காந்தமும் சுருளும்

பிக்கப்பில் காந்தத் தூண்களைச் சுற்றி, தலைமுடியளவு மெல்லிய, 0.06 மி.மீ. தாமிரக் கம்பி ஏறத்தாழ பத்தாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபெண்டர் 1957-இல் சுருளை இரண்டாக வெட்டி எதிரெதிராகச் சுற்றி இணைத்தபோது, அறையின் மின்விளக்குகளிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. பிக்கப் நிற்கும் இடமே ஒலியின் குணத்தைப் பெரிதும் ஆள்கிறது. பிரிட்ஜுக்கு அருகில் கம்பியின் அடிப்படை அதிர்வு குறுகி, மேற்சுரங்கள் துலக்கமாகும். கழுத்துக்கு அருகில் அடிப்படை தடிக்கும். பிக்கப்பைச் சில சென்டிமீட்டர் நகர்த்துவது உடல் மரத்தை மாற்றுவதைவிட ஒலியை வெகுவாக மாற்றும்.

மேற்சுரங்கள் பேஸுக்கு இன்னொரு வகையில் உயிர்நாடி. சிறிய ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் 82, 123, 164 என்ற மேற்சுரங்கள் கேட்டால் போதும். அவற்றின் சம இடைவெளியிலிருந்து, வராத 41-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் பாடல்களில் தனி வழியில் நடக்கும் பேஸ் கிட்டாரைச் சின்ன டிரான்சிஸ்டரிலும் பின்தொடர முடிந்ததற்கு இதுவே காரணம்.

மரம் வரும் காடு

கையால் செய்யும் பட்டறைகளின் மரப்பட்டியல் கடந்த இருபது ஆண்டுகளில் மிகவும் மாறிவிட்டது. 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த மரகதநிற ஆஷ் வண்டு, வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. மிசிசிப்பியின் நீண்ட வெள்ளங்கள் மரம் வெட்டும் பருவத்தைச் சுருக்கின. 2020-இல் ஃபெண்டரே தன் வழக்கமான கருவிகள் பெரும்பாலானவற்றில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்தது. 1951-இல் அந்த நிறுவனத்தின் முதல் பேஸ் பிறந்த மரம் அது.

விரல்பலகையின் ஈட்டி தமிழர்களுக்கு அந்நிய மரமன்று. பிரேசில் ஈட்டியின் வணிகம் 1992-இல் தடைபட்டபின், கருவி செய்வோர் உலகெங்கும் நம்பியது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியை, தமிழில் தோதகத்தி என்றும் வழங்கும் அதே மரத்தை. மெதுவாக வளர்ந்து வைரம் பாய்வதற்குத் தலைமுறைகள் ஆகும் மரம் அது. தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது. 2017 ஜனவரி முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புபிங்காவின் மூன்று இனங்களும் உடன் சேர்ந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பலகையாகக் கடல் கடக்கும் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உறவான ஆப்பிரிக்கப் படாக் மரத்தையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2022-இல் முடிவாயிற்று.

எனவே இன்று பொறுப்புள்ள பட்டறையில் அரிய மரப்பலகை ஒவ்வொன்றோடும் அது எந்த நாட்டில், எந்த அனுமதியில் வெட்டப்பட்டது என்ற தாளும் சேர்ந்து கிடங்கில் இருக்கும். தமக்கென்று ஒரு பேஸ் கிட்டாரைச் செய்யச் சொல்பவர் கழுத்தின் அறுப்பைக் கேட்டு, கருவியின் எடையைக் கேட்டு, மெல்லிய கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மின்னிணைப்பு இல்லாமல் வாசித்துக் கேட்டுவிட்டு, அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.